அம்மன் பேனரை அவிழ்த்த செவ்வாய்க்கிழமை

போன வருடம் சித்திரையில் எங்கள் சுந்தரிக்குப் போட்ட மூன்றாவது சினை ஊசியும் நிற்கவில்லை. அது தெரிந்த அன்று கொட்டகையிலேயே உட்கார்ந்து அழுதேன்.

சுந்தரி ஜெர்சி கலப்புப் பசு. என் மகள் யாழினி பிறந்தபோது, பிள்ளைக்குப் பால் வேண்டும் என்று என் அம்மா ஓட்டிவிட்ட மாடு. எங்கள் வீடு சதுரங்கப்பட்டினத்துக்குப் பக்கத்தில், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. கணவருக்குப் பொத்தேரியில் ஒரு மாணவர் விடுதியில் சமையல் வேலை. ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். மாடும் பிள்ளையும் அத்தையும் என் பொறுப்பு. அத்தை என்று சொல்வது என் மாமியாரை.

படித்தவள் என்பதால் எதையும் எழுதி வைப்பேன். சுந்தரி பருவத்துக்கு வந்த நாள், ஊசி போட்ட நாள் எல்லாம் யாழினியின் தடுப்பூசி அட்டைக்குப் பின்னால் இருக்கும். பருவம் வந்து காலையில் கத்தினால் மாலையில் ஊசி போட்டுவிடுவோம். எங்கே தப்பு என்று அந்த அட்டையை எத்தனை முறை பார்த்தேனோ தெரியாது. சித்திரைக்குப் பிறகு அது கத்தவே இல்லை. மத்தியானம் ஆனால் வாயைத் திறந்து, எச்சில் ஒழுக நாய் மாதிரி இரைத்தது.

ஒரு நாள் மாட்டுத் தரகர் வந்து பார்த்தார். "இன்னா தங்கச்சி, இன்னும் இத்த வெச்சிகினு கீற? இது மலடு. தீனிதான் தண்டம்" என்றார். அத்தை மறுத்துப் பேசவில்லை.

எனக்குக் கல்யாணமாகி ஐந்து வருடம் கழித்துத்தான் யாழினி பிறந்தாள். அந்த வார்த்தை இந்த வீட்டில் முன்பும் என் காதில் விழுந்திருக்கிறது. தண்ணீர்த் தொட்டியைத் தேய்த்துக் கழுவினேன். சுந்தரியை விடுவதில்லை என்று அப்போதே முடிவு செய்தேன். கணவரோ போனில், "ஆடி வரைக்கும் பாப்போம். அதுக்கு மேல இன்னா பண்ணச் சொல்ற?" என்றார்.

எங்கள் கொட்டகைக்கு மேலே சிமெண்ட் ஷீட். மேற்கே வீட்டுச் சுவர், வடக்கே பக்கத்து வீட்டு மதில். கிழக்கில் காலை வெயில் அடிக்கிறதென்று, முந்தைய ஆடியில் கூழ் வார்த்தபோது தெருமுனையில் வைத்திருந்த கங்கையம்மன் பேனரைக் கொண்டுவந்து கட்டியிருந்தோம். ஆள் உயரத்துக்கு அம்மனின் முகம். தினமும் காலையில் அதற்குக் குங்குமம் வைத்துக் கும்பிடுவேன். "தாயே, நீ சுந்தரி பக்கத்திலேயே இரு. அதன் உடம்பைக் குளிர வை." வேறு எதுவும் நான் கேட்கவில்லை.

மாட்டின் மேல் தண்ணீர் ஊற்றினால் சூடு தணியும் என்று செல்போனில் படித்தேன். ஒரு நாளைக்கு நாலு தடவை ஊற்றினேன். இரைப்பு கூடியது. போதவில்லையோ என்று ஐந்தாவது தடவையும் ஊற்றினேன்.

வைகாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானம் இரண்டு மணி இருக்கும், கால்நடை மருத்துவர் அம்மா வந்தார். உள்ளே நுழைந்ததுமே முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "இது கொட்டகையா, இட்லி குண்டானாம்மா?" என்று கேட்டார். பரிசோதித்துவிட்டுப் பொறுமையாக விளக்கினார். கடலோரக் காற்றில் ஏற்கெனவே ஈரம் அதிகம். ஊற்றின தண்ணீரைக் காற்று வந்து உலர்த்தினால்தான் மாடு குளிரும், இல்லாவிட்டால் ஆவியில் வேகும். உடம்பு உள்ளே கொதித்தால் கரு தங்காது, பருவமும் வெளியே தெரியாது. கடைசியாகப் பேனரைக் காட்டினார். "கர்ப்பப்பைல ஒரு குறையும் இல்ல. இத எடுத்துடுங்க. கடல் காத்து உள்ள வரட்டும்."

அவர் போய்விட்டார். நான் பேனருக்கு முன்னால் போய் நின்றேன். செவ்வாய்க்கிழமையும் அதுவுமாக அம்மனை இறக்குவதா? அத்தை ரேஷன் கடைக்குப் போயிருந்தார்கள். கணவர் போனை எடுக்கவில்லை. அவிழ்த்து, யாழினிக்கு ஏதாவது ஆகிவிட்டால்? அவிழ்க்காமல், சுந்தரி தரகர் கைக்குப் போய்விட்டால்? ஒன்றும் புரியாமல் பேனரில் நெற்றியை வைத்தேன். "நீயே சொல்லு தாயே" என்றேன்.

பேனர் என் நெற்றியைத் தள்ளியது.

மறுபடி வைத்துப் பார்த்தேன். மறுபடியும் தள்ளியது. அந்தப் பக்கம் கடல் காற்று உள்ளே வரப் பார்த்து முட்டிக்கொண்டிருந்தது. காலையில்தான் நான் குங்குமம் வைப்பேன். அப்போது அது அசையாது. இத்தனை மாதத்தில் ஒரு மத்தியானம்கூட நான் அதைத் தொட்டுப் பார்த்ததில்லை.

கத்தியை எடுக்க மனம் வரவில்லை. ஒவ்வொரு முடிச்சாகக் கையாலேயே அவிழ்த்தேன். கடைசி முடிச்சு விட்டதும் வைக்கோல் பறந்தது. சுந்தரி கிழக்கே திரும்பி நின்றது. கொஞ்சம் கொஞ்சமாக அதன் வாய் மூடியது.

அத்தை அரிசிப் பையோடு வந்தபோது திட்டு வாங்கத் தயாராக நின்றேன். அவர்கள் சுருட்டி வைத்த பேனரைப் பார்த்தார்கள். படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்த சுந்தரியைப் பார்த்தார்கள். காற்றில் அவர்கள் முந்தானை படபடத்தது.

"படம் எறங்குனா எறங்கட்டும்டி. அம்மா உள்ள வந்துகினு கீறா" என்றார்கள்.

அன்றிலிருந்து நான் விடவில்லை. ஷீட்டின் மேல் தென்னங்கீற்று பரப்பினேன். காலை வெயிலுக்கு ஒரு கீற்றுத் தட்டி வைத்து, ஒன்பது மணிக்கு எடுத்துவிடுவேன். காற்று வரும் நேரம் பார்த்துத்தான் தண்ணீர் ஊற்றினேன். தீனியை விடியற்காலைக்கும் பொழுது சாய்ந்த பிறகும் மாற்றினேன். ஆனியில் ஒரு நாள் நான் கோலம் போட்டுக்கொண்டிருக்கும்போது சுந்தரி கத்தியது. ஓடிப் பார்த்தேன், பருவத்துக்கு அடையாளமாகக் கண்ணாடி போல வழும்பு ஒழுகியது. அன்று மாலையே நாலாவது ஊசி. அடுத்த பருவம் வர வேண்டிய இருபத்தோராம் நாள் அது கத்தவில்லை. ஆனாலும் நான் நம்பவில்லை, பயந்துகொண்டே இருந்தேன். புரட்டாசியில் மருத்துவர் அம்மா கையை வைத்துப் பார்த்துச் சிரித்த பிறகுதான் என் மூச்சு சீரானது.

பங்குனியில் கிடேரிக் கன்று பிறந்தது. கங்கா என்று அத்தை பெயர் வைத்தார்கள். அந்தத் தரகர் தெருவில் போனபோது அவர்களே கூப்பிட்டு நிறுத்தினார்கள். "யாரு மலடு? வூட்டாண்ட வந்து கண்ணத் தொறந்து பாரு அண்ணாத்த." அதைச் சொல்லும்போது என் கையைப் பிடித்திருந்தார்கள். வெகுநேரம் விடவில்லை.

நான் இப்போதும் பயப்படுகிறவள்தான். ஆனால் பயந்தாலும் கை வேலையை நிறுத்துவதில்லை. பேனரைக் கோயிலில் ஒப்படைத்துவிட்டேன். மத்தியானம் இரண்டு மணிக்குக் கொட்டகைக்குப் போய்க் கிழக்கே பார்த்து நிற்பதுதான் இப்போது என் கும்பிடு.

சகோதரிகளே, உங்கள் கஷ்டத்தை அம்மனிடம் தயங்காமல் சொல்லுங்கள், கேட்பாள். சொல்லிவிட்டு, அவள் வருகிற பக்கத்தில் நாமே எதையாவது கட்டி வைத்திருக்கிறோமா என்று ஒரு முறை கையை வைத்துப் பாருங்கள்.