புளியங்கொட்டைக் குலுக்கல்

செவ்வாப்பேட்டை ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோவில் கொஞ்ச தூரம் போனால் அந்த அரசு மனநல மருத்துவமனை. அதன் மூன்றாம் வார்டுக்கு ஜன்னல்கள் நான்கு. திறந்திருந்தது ஒன்று. எப்போதோ ஒருவர் ஜன்னல் வழியாக ஓடிப்போனார் என்று மற்ற மூன்றுக்கும் பலகை வைத்து ஆணி அடித்திருந்தார்கள். ஓடியவர் அன்று மாலையே பசித்துத் திரும்பி வந்துவிட்டார். பலகைகள் அப்படியே இருந்தன.

திறந்த ஜன்னலுக்கு வெளியே ஒரு ஏரி. மதியச் சாப்பாடு முடிந்து, மாத்திரையின் அசதியில் வார்டு முழுவதும் மிதக்கிற நேரத்தில் அந்த ஏரியின் மேலிருந்து காற்று வரும். தூரத்தில் போகும் மின்சார ரயிலின் சத்தம் தண்ணீருக்கு அடியிலிருந்து எழுவதுபோல் கேட்கும். ஜன்னலை ஒட்டிய கட்டிலில் படுத்தவருக்கு மட்டும்தான் இதெல்லாம். அங்கே ஒரு மதியம் தூங்கி எழுந்தவர்களின் முகம், ஊரிலிருந்து யாரோ வந்து பார்த்துவிட்டுப் போனதுபோல் தெளிந்திருக்கும்.

அந்தக் கட்டிலுக்காக முன்பு அடிதடி நடந்தது. வலுத்தவன் படுத்தான், இளைத்தவன் சுவரோரம் வியர்த்தான். வெளி உலகமும் அப்படித்தான் நடக்கிறது என்பதால் அதை ஒரு நோய் என்று எந்த டாக்டரும் எழுதி வைக்கவில்லை.

அடிதடியை நிறுத்தியவர் முனிகிருஷ்ணன். பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு குப்பத்து மீனவர். நாற்பதைத் தாண்டியவர், ஒல்லி, பேச்சு குறைவு. சமையல்கட்டிலிருந்து புளியங்கொட்டைகளை வாங்கி வந்து, ஆளுக்கொன்றாகக் கொடுத்து, ஒவ்வொன்றிலும் ஆணியால் ஓர் அடையாளம் கீறச் சொன்னார். எல்லாவற்றையும் எவர்சில்வர் தம்ளரில் போட்டுக் குலுக்கி ஒன்றை எடுப்பார். யாருடைய கொட்டையோ அவருக்கு அன்றைய மதியம். வார்டில் எல்லோரும் ஒரு சுற்று படுத்து முடியும்வரை அந்தக் கொட்டை மறுபடி தம்ளருக்குள் போகாது. பாக்கியநாதன் என்ற பழைய லாரி டிரைவர் மட்டும் ஒருமுறை இரண்டு கொட்டைகளைப் போட்டார்.

“இன்னா பாக்கியண்ணே, நீ ரெண்டு ஆளா?” என்று முனிகிருஷ்ணன் கேட்டார்.

“டாக்டரு அப்டித்தான் சொல்றாரு” என்றார் பாக்கியநாதன். வார்டே சிரித்தது.

ஊழியர்களுக்குச் சிரிப்பு வரவில்லை. சூதாட்டம் என்று தம்ளரோடு பறிமுதல் செய்து மேலே அனுப்பினார்கள். ஒரு வருடத்துக்கு முன்பென்றால் அதற்குப் பதில் ஓர் ஊசியாக வந்திருக்கும். இயக்குநர் நாற்காலி நெடுநாள் காலியாகவே இருந்தது. வேறு எங்கோ வேலை பார்க்கும் ஒருவர் கூடுதல் பொறுப்பாக வாரம் ஒருமுறை வந்து, கோப்புகளில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். வார்டுக்குள் வந்ததில்லை. இப்போது டாக்டர் நர்மதா முழுநேர இயக்குநராக வந்திருந்தார். அவர் முனிகிருஷ்ணனை அறைக்கு அழைத்து உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னதே அந்த அறையில் புதிது.

“சூதாட்டம்னு எழுதியிருக்காங்க.”

“இல்ல மேடம். காத்துக்கு முறை வெச்சிக்கினோம். எங்க ஏரியில அப்டித்தான். எந்த எடத்துல யாரு என்னிக்கி வலை போடறதுன்னு குலுக்கிப் போட்டுக்குவோம். அதுக்குப் பாடுன்னு பேரு. நல்ல எடமும் சுத்தி வரும், மொக்க எடமும் சுத்தி வரும். ஒருத்தனே புட்ச்சி வெச்சிக்க முடியாது.”

நர்மதா தம்ளரை அவர் பக்கம் நகர்த்தினார். பிறகு அவருடைய கோப்பைப் புரட்டினார். “உங்களுக்குக் குணமாகி வருஷக்கணக்கா ஆகுது. ஏன் இன்னும் இங்க இருக்கீங்க?”

“கையெழுத்துப் போட ஆள் வர்ல மேடம்.”

ஏரி அவரோடு பேச ஆரம்பித்தது அவருடைய முப்பதுகளில். முதலில் துடுப்புச் சத்தத்துக்குள் ஒரு முணுமுணுப்பு. பிறகு பெயர் சொல்லிக் கூப்பிட்டது. வா, இன்னும் உள்ளே வா என்று, கோபமில்லாமல், தாலாட்டுவதுபோல். ஒருநாள் படகிலிருந்து இறங்கிப் போய்விட்டார். பிடிக்கக் குதித்த தம்பி கணேசனையும் இறுக்கிக்கொண்டே ஆழத்துக்குப் போனார். இருவரையும் மற்றவர்கள்தான் இழுத்துப் போட்டார்கள்.

மூளையில் ஏற்பட்ட நோய் அது. சர்க்கரை வியாதிபோல, காசம்போல ஒரு நோய். ஆனால் ஊர் அவரை ஒரு கோயிலுக்குக் கொண்டுபோய்க் காலில் சங்கிலி போட்டது. வேப்பிலையால் அடித்தார்கள், தலையில் எலுமிச்சை தேய்த்தார்கள், பட்டினி போட்டார்கள். நிலவுக்குக் கலம் அனுப்புகிற நாட்டில், ராக்கெட் கிளம்பும் வெளிச்சத்தைத் தங்கள் கரையிலிருந்தே பார்க்கிற ஜனங்கள், ஒரு மனிதனின் கணுக்காலைப் புண்ணாக்கிப் பேயைத் தேடினார்கள். அவருடைய மனைவி அங்காளம்மாள்தான் ஒரு விடியலில் பூட்டைக் கல்லால் உடைத்து, பஸ் ஏற்றி, மருத்துவமனைக்கு அழைத்து வந்தார்.

மாத்திரை வேலை செய்தது. கோடையில் ஏரி வற்றுவதுபோல், குரல் சிறிது சிறிதாகப் பின்வாங்கி, ஒருநாள் தரை தெரிந்தது. அங்காளம்மாள் அழைத்துப் போக வந்தார். அலுவலகத்தில், “பொம்பள கையெழுத்துலாம் செல்லாதும்மா. கூடப் பொறந்தவன இட்டுக்கினு வா” என்று அனுப்பிவிட்டார்கள். கூடப் பிறந்தவன் கணேசன். ஊர் அண்ணனிடமிருந்து எடுத்த முறையில் அவன்தான் வலை போட்டுக்கொண்டிருந்தான். அவன் வரவில்லை. மாதாமாதம் அங்காளம்மாள் மட்டும் இறால் தொக்கோடு வந்தார். கேட்டார். போனார். ஆறு வருடம். ஒரு மனிதனை அவ்வளவு காலம் அடைத்து வைக்க வெளியே நீதிபதி வேண்டும், சாட்சி வேண்டும், வக்கீல் வேண்டும். பைத்தியம் என்ற சொல்லுக்கு இவை எதுவும் தேவைப்படவில்லை. அப்படியொரு விதி எங்கே இருக்கிறது என்று நர்மதா கேட்டபோது, அலுவலகத்தில் யாராலும் எடுத்துக்காட்ட முடியவில்லை. வழக்கம் என்றார்கள். தெளிந்த மனதோடு போக விரும்புகிறவர் தன் விருப்பத்திலேயே போகலாம் என்றுதான் சட்டம் சொன்னது.

“நாளைக்கே போகலாம்” என்றார் நர்மதா.

முனிகிருஷ்ணன் அசையவில்லை. “ஊட்டுக்குப் போறது கெடக்கட்டும் மேடம். தை பொறக்கறதுக்கு மின்ன எங்க ஊர்ல குலுக்கல். கல்யாணம் கட்ன ஆம்பளைங்க ஒவ்வொருத்தனும் ஒரு தலைக்கட்டு. என் தலைக்கட்ட எட்த்துட்டாங்க. இந்தக் குலுக்கல்ல என் பேரு இருக்கணும். அது இல்லாம போனா, நான் இன்னா, கரையில குந்திக்கினு தண்ணியப் பாத்துக்கினு இருக்கணும். அதுக்கு இந்த ஜன்னலே போதும்.”

அன்று மாலை மேலிடத்திலிருந்து நர்மதாவுக்கு போன் வந்தது. அலுவலகத்தில் யாரோ முந்திக்கொண்டு சொல்லிவிட்டார்கள்.

“ஏதாவது ஆச்சுன்னா யாரும்மா பதில் சொல்றது?”

“ஆறு வருஷமா ஆனதுக்கு யார் சார் பதில் சொல்றது?” என்றார் நர்மதா.

மறுநாள் தச்சர் வந்து மூன்று ஜன்னல்களின் பலகைகளையும் பிடுங்கினார். வார்டில் நான்கு பக்கமும் ஏரி வந்து நின்றதுபோல் இருந்தது. முறைக்கு இனி அவசியமில்லை. இருந்தும் பாக்கியநாதன் தம்ளரை விடவில்லை. “இது ஜாலிக்கு” என்றார். முனிகிருஷ்ணன் தன்னுடைய கொட்டையை மட்டும் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

குலுக்கல் நாளன்று நர்மதா மருத்துவமனை வண்டியில் தானே கூட வந்தார். பனிமூட்டம் இன்னும் விலகவில்லை. கவரைப்பேட்டையில் தொழிற்சாலைப் புகைபோக்கிகள் மேகத்துக்குள் ஊன்றிய கழிகளைப்போல் நின்றன. ஒரு கம்பெனி கேட்டுக்கு எதிரே அங்காளம்மாள் தன் இட்லிக் கடையைப் பக்கத்துப் பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டு, தூக்குவாளியோடு வண்டியில் ஏறினார். கணவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“இன்னாய்யா, சட்டையெல்லாம் இஸ்திரி போட்டுக்கினு. பொண்ணு பாக்கப் போறியா?”

“ஒரு தடவ பாத்ததுக்கே பேஜாரு” என்றார் அவர். வெகுநேரம் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தார். அங்காளம்மாள் அவருடைய முழங்கையைப் பிடித்திருந்தார், பஸ் நெரிசலில் பையைப் பிடிப்பதுபோல். வயல்கள் போய், உப்பு வெளுத்த மண் வந்தது. அதற்கப்பால் எங்கே தண்ணீர் முடிகிறது, எங்கே வானம் தொடங்குகிறது என்று தெரியாத ஒரு வெளுப்பு. அதில் பூநாரைகள் ஒற்றைக்காலில், யாரோ மறந்துவிட்டுப் போன கனவைப்போல் நின்றன.

குப்பத்துச் சமுதாயக் கூடத்தில் ஆண்கள் கூடியிருந்தார்கள். ஊர்த்தலைவர் அருணாச்சலம் நடுவில் உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரு மண்பானை. ஒவ்வொரு தலைக்கட்டும் தன் அடையாளம் கீறிய கிளிஞ்சலை அதில் போட வேண்டும்.

“பைத்தியம் புட்ச்சவனுக்குத் தலைக்கட்டு இல்ல. ஊரு முடிவு அது. டாக்டரம்மா வந்தாலும் அதான்” என்றார் அருணாச்சலம்.

கணேசன் எழுந்தான். “எல்லாரும் நான் அண்ணன் முறைக்கு ஆசப்பட்டுக்கினு கீறேன்னு நெனைக்கிறீங்க. அன்னிக்கி என் தலைய அமுக்கினு உள்ள போனாரு. இன்னிக்கும் கனவுல வாய்க்குள்ள தண்ணி வருது எனக்கு.”

அவன் சொன்னது பொய்யில்லை. முனிகிருஷ்ணன் தலை குனிந்தார். நர்மதா, அந்த நோய் எப்படிப்பட்டது, மாத்திரை எப்படிக் காக்கிறது என்று பொறுமையாக விளக்கினார். மாத்திரையை விட்டால் நோய் திரும்பி வரலாம் என்பதையும் மறைக்கவில்லை.

“பாத்தியா, மாத்தர தின்னாத்தான் மன்சன்” என்றார் ஒருவர்.

கூடத்துக்குள் பெண்கள் வரும் வழக்கமில்லை. வாசற்படியில் நின்ற அங்காளம்மாள் அங்கிருந்தே கேட்டார். “தலைவர் மாமா, காலையில நாஷ்டாவுக்கு மின்ன ஒண்ணு, பின்ன ரெண்டு போட்டுக்கிறியே, அது இன்னா மாத்தர?”

“அது சக்கரைக்கு போட்றதுடி.”

“போன வருசம் அத்த உட்டுட்டு படகுல மயக்கமா உழுந்தியே. உன் தலைக்கட்ட யாரு எட்த்தது?”

கூடத்தில் யாரோ அடக்க முடியாமல் சிரித்தார்கள். அருணாச்சலமும் மீசையைத் தடவிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். “சரி, போடச் சொல்லு அவன் கிளிஞ்சல.”

முனிகிருஷ்ணனின் கிளிஞ்சலைத் தலைக்கட்டை எடுத்த அன்றே ஏரியில் எறிந்துவிட்டிருந்தார்கள். அவர் சட்டைப் பையிலிருந்து புளியங்கொட்டையை எடுத்துப் பானையில் போட்டார்.

“இன்னாடா இது?”

“என்து மாமா. அங்க இதுலதான் குலுக்கினோம்.”

கணேசன் விடவில்லை. “அது செல்லாது. கை உட்டா கொட்ட தனியா ஆப்புடும். தடவிப் பாத்தே எட்த்துடலாம்.”

அதுவும் நியாயம். அருணாச்சலம் யோசித்தார். பிறகு பானையைக் கவிழ்த்துக் கிளிஞ்சல்களையெல்லாம் கொட்டினார். “எல்லாரும் கொட்டையே போடுங்க. எவ ஊட்லயாவது புளி கீதா பாரு.”

கொஞ்ச நேரத்தில் அந்தக் கூடத்தில் வயதான மீனவர்கள் வரிசையாக உட்கார்ந்து, மனநல மருத்துவமனை வார்டில் பிறந்த முறைப்படி, ஆணியால் புளியங்கொட்டை கீறிக்கொண்டிருந்தார்கள். வெளியாள் எடுத்தால் சண்டை வராது என்று நர்மதாவைப் பானையில் கையை விடச் சொன்னார்கள். முனிகிருஷ்ணனின் கொட்டை கடைசியில்தான் வந்தது. மிஞ்சியிருந்த இடம் மீன் வராத மேற்குப் பக்கம், சேறு. அவர் அந்தக் கொட்டையை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தபடியே இருந்தார்.

அவருடைய முறை தை பிறந்து சில நாட்கள் கழித்து வந்தது. அதற்குள் நர்மதாவுக்கு மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டு இரண்டு கடிதங்கள் போயிருந்தன. அவர் மற்ற வார்டுகளின் பலகைகளையும் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

அன்று வெயில் ஏறியும் ஏரி அசையவில்லை. பாலாடைபோல் கிடந்தது. முனிகிருஷ்ணன் படகருகில் நின்றார். வலை போட இன்னும் இரண்டு பேராவது வேண்டும். கேட்டவர்கள் எல்லோருக்கும் ஏதோ வேலை வந்துவிட்டது. பானையில் பேர் போட்ட ஊர், படகில் காலை வைக்கவில்லை. அவர் கேட்பதை நிறுத்திவிட்டு, கழிகளைத் திரும்ப அடுக்கத் தொடங்கினார்.

அங்காளம்மாள் புடவையைத் தூக்கிச் செருகினார். மாத்திரை அட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கிப் படகில் ஏறி உட்கார்ந்தார்.

“பொம்பள ஏறினா வலைக்குத் தீட்டுடி” என்று கரையிலிருந்து ஒரு குரல் வந்தது.

“உங்க தீட்டு இல்லாத வலைல இன்னா, திமிங்கிலமா வந்துச்சி?”

படகு நகர்ந்தது. ஒரு கழி தூரம் போயிருக்கும். பின்னால் தண்ணீர் அடித்துக்கொண்டு யாரோ ஓடி வந்தார்கள். கணேசன். படகின் விளிம்பைப் பிடித்து ஏறி, வலையைப் பிடுங்கிக்கொண்டான்.

“வலை என்து. நீங்க ரெண்டு பேரும் கிழிச்சி வெச்சிடுவீங்க. அண்ணி, அப்பால குந்து. இப்டியா புடிக்கிறது?” அண்ணனின் முகத்தைப் பார்க்காமல், அவரிடமிருந்து ஒரு கை தூரம் தள்ளி நின்றான்.

மேற்குப் பக்கச் சேற்றில் கழி ஊன்றினார்கள். வலை இறங்கியது. பிறகு காத்திருப்பதைத் தவிர வேலையில்லை. கரை ஒரு கோடாகத் தேய்ந்து, அந்தக் கோடும் வெயிலில் கரைந்தது. முனிகிருஷ்ணன் துடுப்பை மடியில் வைத்து, மெல்லக் குனிந்து, காதைத் தண்ணீருக்கு அருகில் கொண்டுபோனார். கணேசனின் கை தானாக நீண்டு அண்ணனின் சட்டையைப் பின்னாலிருந்து பற்றியது.

தண்ணீர் படகைத் தட்டியது, நின்றது, மறுபடி தட்டியது.

“இன்னா கேக்குது?” என்றார் அங்காளம்மாள், அடிக்குரலில்.

முனிகிருஷ்ணன் நிமிர்ந்தார். “ஒண்ணும் இல்ல. தண்ணி.” பிறகு, “உனக்கு இன்னா கேக்குது?”

“எனக்கா? உன் தம்பிக்குப் பல்லு கிடுகிடுங்கிறது கேக்குது.”

கணேசன் சட்டையை விடாமலே, “குளுருது அண்ணி” என்றான். தை மாத வெயில் நடுமுதுகில் சுட்டுக்கொண்டிருந்தது.