குடைக்குப் பின்னால் விழுந்த கோல்

சுலோசனா ஒருநாளும் பந்தை உதைத்ததில்லை. மைதானத்தில் நின்று முழு ஆட்டம் பார்த்ததும் அபூர்வம். அவளுக்குப் பிடித்ததெல்லாம் கால்பந்துப் படங்கள்தான்.

அப்பா பத்மநாபன் தூத்துக்குடிக்காரர். கல்கத்தாத் துறைமுக அலுவலகத்தில் வேலை. சுலோசனா சிறுமியாக இருந்தபோது, குவார்ட்டர்ஸ் கிளப்பில் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி, சின்னப் புரொஜெக்டரில் வெளிநாட்டு ஆட்டங்களைத் தொகுத்த படங்களைப் போடுவார்கள். ஒரு மாதம் நடந்த போட்டி முழுவதும் ஒன்றரை மணி நேரத்தில் ஓடிவிடும். பின்னணியில் யாரோ ஒருவர் கனத்த குரலில் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டே போவார். பாதி புரியாது. அதனால் ஒன்றும் குறைந்துபோகவில்லை.

அண்ணன் அர்ஜுனன் பந்தையே பார்ப்பான். அவள் மற்றதைப் பார்ப்பாள். கோல் வாங்கிய கோல்கீப்பர் வலைக்குள் போய்ப் பந்தைக் குனிந்து எடுக்கும் விதம். கேலரியில் ஒரு கிழவர் சிகரெட்டைப் பற்றவைக்க மறந்து தீக்குச்சியை விரல் வரை எரியவிடுவது. இதைப் படம் பிடிக்க வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது, பிடித்ததை வெட்டி எறியாமல் வைக்க வேண்டும் என்று இன்னொருவருக்குத் தோன்றியிருக்கிறது என்பது அவளுக்குப் பெரிய ஆச்சரியம். முடிவில் பெயர்கள் ஓடும்போது எல்லோரும் செருப்பைத் தேடுவார்கள். அவள் மட்டும் உட்கார்ந்து, வாயில் நுழையாத அந்தப் பெயர்களை எழுத்துக்கூட்டிப் படிப்பாள்.

அப்பா ஓய்வுபெற்றதும் குடும்பம் கல்கத்தாவிலேயே டாக்குரியாவில் வாடகை வீட்டுக்கு வந்தது. கரியாஹாட்டில் மிருணாள்தா என்பவர் நடத்திய வீடியோ ஸ்டுடியோவில் அர்ஜுனன் கல்யாணங்களுக்குக் கேமரா தூக்கிக்கொண்டிருந்தான். அவன் சொல்லித்தான் தங்கைக்கும் அங்கே வேலை கிடைத்தது. இரண்டு வி.சி.ஆரை இணைத்துவைத்துக்கொண்டு, மணப்பெண்ணின் முகத்தை ரோஜாப்பூவுக்குள்ளும் மாப்பிள்ளையை இதயத்துக்குள்ளும் பொருத்துகிற வேலை. சுலோசனா அதையும் மனம் வைத்துத்தான் செய்தாள். பெண்ணை அனுப்பிவிட்டு நாற்காலிகளை எண்ணுவதுபோல் பாவனை செய்யும் அப்பாக்களை அவள் வெட்டியதே இல்லை. மிருணாள்தா திட்டுவார். வாங்கிப்போனவர்கள் மறுபடி வந்து அந்த இடத்தைத்தான் சொல்வார்கள்.

தொண்ணூற்றாறு மழைக்காலத்தில், ரயில் பாதையை ஒட்டியிருந்த பேட்டையின் ரேல்பார் கிளப், வட்டாரப் போட்டியின் இறுதியாட்டம் வரை போய்விட்டது. அதுவரை முதல் சுற்றைத் தாண்டாத கிளப் அது. அர்ஜுனனுக்குத் தலைகால் புரியவில்லை. முதலாளியிடம் கெஞ்சிக் கேமராவை வாங்கி எல்லா ஆட்டங்களையும் எடுத்தான். துர்கா பூஜை முடிந்து தெருவே கூடி வாழ்த்துச் சொல்லிக்கொள்ளும் பிஜயா சம்மிலனி அன்று, சின்ன வயதில் நாம் பார்த்த மாதிரியே ஒரு படம் போடலாம், நீ தொகுத்துக் கொடு என்று தங்கையிடம் சொன்னான்.

இறுதியாட்டத்தன்று மழை கொட்டியது. இரண்டு பக்கமும் கோல் இல்லை. கடைசி நிமிடங்களில் ரேல்பாருக்கு ஒரு கார்னர் கிடைத்தது. பின்களத்தில் ஆடும் தபன் முன்னால் ஓடிவந்தான். மீன் சந்தையில் ஐஸ் உடைக்கிற ஆள். அந்தக் கிளப்புக்கு வருடக்கணக்காக ஆடியும் ஒரு கோல்கூடப் போட்டதில்லை. அதுதான் தன் கடைசி சீசன் என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தான். பந்து உயர்ந்து வந்தது. அந்த நேரம் பார்த்துக் கேமராவுக்கு முன்னால் நின்றிருந்த ஒருவர் கறுப்புக் குடையை விரித்தார்.

கோல் விழுந்தது. ரேல்பார் ஜெயித்தது. கேசட்டில் இருந்ததோ ஒரு குடைத் துணி. அதன் மேல் மழைத்துளி. பின்னாலிருந்து ஆயிரம் தொண்டைகள் சேர்ந்து வெடிக்கிற ஒரு சத்தம். அப்புறம் அந்தக் குடையே பறந்து போகிறது. வெளிச்சம் வந்தபோது சேற்றில் ஆட்கள் ஒருவர்மேல் ஒருவராகக் குவிந்து கிடக்கிறார்கள்.

ஸ்டுடியோவில் அதைப் பார்த்து முடித்த அர்ஜுனன் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். வேறு ஆட்டத்தின் கோலை நடுவில் ஒட்டிவிடு, மழையில் யாருக்குத் தெரியப் போகிறது என்றார் மிருணாள்தா. அர்ஜுனன் அதற்கு ஒப்பவில்லை. அடுத்த ஞாயிறு தபனை மைதானத்துக்கு வரச்சொல்லி, நாலு பேரை நிறுத்தி, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றித் திரும்ப எடுத்துப் பார்த்தான். தபன் தலையால் முட்டிய பந்துகள் கம்பத்துக்கு மேலே பறந்தன. ஒருவழியாக ஒன்று உள்ளே போனபோது, கையைத் தூக்குவதா வேண்டாமா என்று கேமராவைப் பார்த்தான்.

சுலோசனா அந்தக் கேசட்டை ஓடவிட்டுப் பார்த்துவிட்டு வெளியே எடுத்தாள். குடையை அப்படியே வைக்கப்போவதாகச் சொன்னாள்.

"பைத்தியமா சுலோ உனக்கு? கோல் இல்லாத ஹைலைட்ஸ யார் பாப்பாங்க?"

"கோல் இருக்குண்ணா. நீ கண்ணால தேடுற. கொஞ்சம் காதக் குடு."

அவன் கோபித்துக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டான். அவள் வேலையைத் தொடங்கினாள். கார்னர் அடிக்கப் போகிறவன் பந்தைச் சேற்றில் நிறுத்தப் படும் பாட்டை முழுசாக விட்டாள். தபன் ஓடிவருவதைக் கொஞ்சம் மெதுவாக்கினாள். அங்கிருந்து நேரே குடை. பாட்டில்லை, பேச்சில்லை, மழைச் சத்தம் மட்டும். பிறகு அந்த இரைச்சல். அடுத்து, முந்தைய ஆட்டங்களில் அண்ணன் வேண்டாவெறுப்பாக எடுத்திருந்த முகங்களைத் தேடினாள். ஒன்றிரண்டைச் சேர்த்தும் பார்த்தாள். அவை வேறு நாளின் முகங்கள் என்று மனசு உறுத்தவே எடுத்துவிட்டாள். குடை பறந்தபின் தெரிகிற அந்த ஒரு காட்சியே போதும் என்று தோன்றியது.

சம்மிலனி அன்று சாயங்காலம் தெருவின் குறுக்கே திரை கட்டினார்கள். வேறு கிளப்பிலிருந்து புரொஜெக்டர் இரவல். தபன் மனைவியோடும் மகளோடும் முன்வரிசையில், இஸ்திரி போட்ட சட்டையில் உட்கார்ந்திருந்தான். திரும்ப எடுத்த கோலாவது திரையில் வரும் என்று நினைத்துத்தான் வந்திருப்பான். அதைச் சேர்க்கவில்லை என்று தபனிடம் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டுமோ என்று சுலோசனாவுக்கு அப்போதுதான் தோன்றியது. அர்ஜுனன் வந்து அவளருகில் நின்றான்.

திரை கறுத்தது. மழை கேட்டது. தெருவில் ஒரு குழந்தைகூட முனகவில்லை. பிறகு அந்தச் சத்தம் எழுந்தது. யார் முதலில் எழுந்தார்கள் என்று தெரியவில்லை, தெரு முழுவதும் எழுந்துவிட்டது. திரையில் கேட்ட கூச்சல் எது, தெருவில் கேட்டது எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. குடை பறந்ததும் அழுகையும் சிரிப்புமாக ஒரு கைதட்டல்.

அது அடங்கியபோது பின்வரிசையிலிருந்து ஒருவர் மெல்ல முன்னால் வந்தார். லக்ஷ்மிநாராயணன். மத்திய அரசுக் கணக்கு அலுவலகத்தில் பெரிய பதவி, மாற்றலாகி வந்தவர், தெருவில் யாரோடும் அதிகம் பேசாதவர்.

"அது என் குடைதாம்மா" என்றார் சுலோசனாவிடம். முகம் வெளுத்திருந்தது. "மழைன்னு விரிச்சேன். பின்னாடி கேமரா இருக்குன்னு தெரியல. அந்தப் பையன்கிட்ட நான் மன்னிப்புக் கேக்கணும். பெங்காலி சரியா வராது. நீ சொல்லேன்."

சுலோசனா அவரைக் கூட்டிப்போய்த் தபனிடம் சொன்னாள். பிறகு அவன் பெங்காலியில் சொன்னதை அவள் தமிழில் அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

"பந்து உள்ள போனத அவரும் பாக்கலையாம் சார். முட்டின வேகத்துல சேத்துல குப்புற விழுந்துட்டேன், ஒரே இருட்டு, சத்தம் கேட்டுத்தான் கோல்னு தெரிஞ்சுதுங்கறார். எனக்கு எப்படி இருந்துதோ அப்படியே இருக்கு படத்துலங்கறார்."

லக்ஷ்மிநாராயணன் தபனின் கையைப் பிடித்துக்கொண்டார். அர்ஜுனன் தங்கையின் தலையில் லேசாக ஒரு குட்டுக் குட்டிவிட்டு, அடுத்த வருடம் ஏணி மேல் நின்று எடுக்கப்போவதாகச் சொன்னான்.

அதிலிருந்து ஒவ்வொரு மழைக்காலமும் யாராவது தேடிவந்தார்கள். காளிகாட்டிலிருந்து ஒரு கிளப், பிறகு ஒரு வங்கி ஊழியர்கள் அணி. கம்ப்யூட்டரில் தொகுக்கும் காலம் வந்தபோது அவள் கரியாஹாட் வேலையை விட்டு, டாக்குரியாவில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் சின்ன அறை எடுத்தாள். ரோஜாப்பூ வேலையும் தொடர்ந்தது. வீட்டு வாடகை அதில்தான் வந்தது.

இரண்டாயிரத்து ஐந்தில் மேக்னா வந்தாள். கல்லூரி மாணவி, ஒரு பெண்கள் அணியின் கேப்டன். வீட்டில் தமிழ், வெளியில் பெங்காலி. சித்தி வயதுக்காரர்களை மாஷி என்றுதான் கூப்பிடுவாள். வாசலிலேயே தயங்கி நின்றாள்.

"மாஷி, எங்க டீம் இந்த சீசன் எல்லா மேட்சும் தோத்துடுச்சு. கோலும் போடல. சும்மா ஹேண்டிகேம்ல எடுத்து வெச்சிருக்கோம். இதுல ஹைலைட்ஸ்னு ஏதாவது வருமா?"

சுலோசனா அவளை உள்ளே அழைத்து, வெளியே நின்ற மற்றப் பெண்களையும் கூப்பிட்டாள். நாற்காலி போதவில்லை. பாயை விரித்தாள். முதல் கேசட்டில் மேக்னா ஒருத்தியைத் துரத்திக்கொண்டு மைதானத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஓடுகிறாள். எட்டிப் பிடித்துப் பந்தைக் காலால் தட்டிவிட்டு, தடுமாறி விளம்பரத் தட்டியோடு சேர்ந்து விழுகிறாள். எழுந்து, தட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு மறுபடி ஓடுகிறாள்.

"இங்கேருந்து ஆரம்பிக்கலாம்" என்றாள் சுலோசனா.

அந்தப் படம் கல்லூரியில் ஓடிய அடுத்த வாரம், பயிற்சிக்குப் புதிதாகப் பெண்கள் வந்து நின்றார்கள். எல்லோருக்கும் ஜெர்ஸி போதவில்லை என்று மேக்னா போனில் புகார் சொன்னாள். குரலில் புகார் தெரியவில்லை.