சேனாதிபதியின் மூக்குத்தி

"அலமாரியில் புடவை வைக்க இடமில்லை" என்று மனைவி கடைசி எச்சரிக்கை கொடுத்ததால், பதினைந்து வருடமாகச் சேர்த்த என் குட்டிப் பொம்மைப் படையை விற்கப்போவதாக இங்கே பதிவு போட்டிருந்தேன் அல்லவா? இன்று காலை அடையாறிலிருந்து ஒருவர் மந்தைவெளிக்கு வந்தே விட்டார்.

கட்டைவிரல் உயரத்தில் நாற்பது அரக்கர்கள். மேசையில் நிறுத்திப் போர் விளையாடுவதற்கானவர்கள். பெட்டியில் வந்தபடியே விட்டுவைத்தால் நான் நானா? ஒருவன் கையை வெட்டி இன்னொருவனுக்கு ஒட்டி, டிஷ்யூ காகிதத்தில் பசை தடவி வேட்டி கட்டி, நெற்றிக்கும் இட்டுவிட்டேன். அந்தப் பொறுமையில் பாதி ஆபீஸில் இருந்திருந்தால் மேனேஜராகியிருப்பேன்.

வந்தவர் சேனாதிபதியைக் கையில் எடுத்தார். காபி கொண்டுவந்த என் மனைவியைப் பார்த்தார். மறுபடி சேனாதிபதியைப் பார்த்தார்.

"சார்... இது மேடமா?"

மாட்டிக்கொண்டேன். அரக்கன் தலையை அறுத்துவிட்டுக் களிமண்ணில் புதுத் தலை செய்தபோது, எதிரே உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தவள் இவள்தான். வேறு மாடலுக்கு எங்கே போவேன்?

மனைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு உற்றுப் பார்த்தாள்.

"பதினஞ்சு வருஷமா என்னைச் சண்டைக்கு அனுப்பிண்டிருந்தேளா? ஜெயிச்சேனா?"

"ஜெயிச்சதெல்லாம் நீ. தோத்ததெல்லாம் நான்."

"அப்ப இது விக்கறதுக்கில்லை" என்று பொம்மையை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டாள். சேனாதிபதி இல்லாத படை யாருக்கு வேண்டும்? அவர் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

நான் மூச்சு விடுவதற்குள் அடுத்த கேள்வி வந்தது.

"மூக்குத்தியை ஏன் இடது பக்கம் வெச்சிருக்கேள்? எனக்கு வலது பக்கம்னா இருக்கு?"

மூக்குத்தியைப் பக்கம் மாற்றத் தூரிகையோடு உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் வீட்டில் மூக்குத்தி எந்தப் பக்கம்? திரும்பிப் பார்க்காமல் பதில் எழுதவும்.