கெட்டியான விசை

என் மேசையில் காகிதம் பறக்காமல் இருக்க ஒரு இரும்புத் துண்டு வைத்திருக்கிறேன். பழைய வாய்வழித் துப்பாக்கியின் இரட்டை விசை அது. பின்னால் இருக்கும் கொக்கியை முதலில் இழுத்து ஏற்றிவிட்டால், முன்னால் இருப்பதை மூச்சுக் காற்று பட்டாற்போலத் தொட்டாலே போதும், சுத்தி விழுந்து வெடித்துவிடும். ராயபுரம் காற்றில் சும்மா விட்டால் ஒரு மழைக்காலத்துக்குள் துரு தின்றுவிடும் என்பதால், வேலை இல்லாத நேரத்தில் எண்ணெய்த் துணியால் துடைத்து வைப்பேன். அழகாக வந்த வேலை. நானே அறுத்து, நானே அரம் போட்டு, நானே மெருகேற்றினேன். பிரஸ் அக்கா என்று நாங்கள் கூப்பிடும் ஒருவரின் துப்பாக்கியில் கொஞ்ச நாள்தான் அது இருந்தது.

நான் அப்போது பாயின் பட்டறையில் ஃபிட்டர். உரிமத்தோடு துப்பாக்கி பழுது பார்க்கும் பட்டறை என்பதால் தெருவில் எங்களுக்குக் கொஞ்சம் மரியாதை உண்டு. உள்ளே வந்து பார்த்தால் முக்கால்வாசி நேரம் தேநீர்தான் ஓடும். ஒரு நாள் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார் அந்த அக்கா. தோளில் நீளமான கித்தான் பை. திருவொற்றியூரில் உதிரி பாகம் செய்கிற ஒரு கம்பெனியில் பிரஸ் ஓட்டியவர். அந்த இயந்திரம் அவருடைய வலது கையில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் எடுத்துக்கொண்டது. இடது ஆள்காட்டி விரல் நசுங்கி, மருத்துவமனையில் தைத்து ஒட்டவைத்தார்கள். அது மடங்கும், நிமிரும். ஆனால் நுனியில் உணர்ச்சி கிடையாது. சூடான டம்ளரைப் பிடித்துக்கொண்டே பேசிக்கொண்டிருப்பார், நமக்குத்தான் பதறும்.

கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தபோது நன்றாகச் சுட்டவராம். விபத்துக்குப் பிறகு வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல், புழல் தாண்டி இருந்த ஒரு சுடும் சங்கத்தில் சேர்ந்திருந்தார். பைக்குள் இருந்தது அவருடைய அப்பா மீஞ்சூர் பக்கம் பயிர்க் காவலுக்கு வைத்திருந்த துப்பாக்கி. முறைப்படி இவர் பெயருக்கு மாறியிருந்தது. குழல் மட்டும் உருப்படி, மற்றதெல்லாம் துருப்பிடித்தும் செல்லரித்தும் கிடந்தது. குழலின் வாய்வழியாக வெடிமருந்தும் குண்டும் போட்டு, குச்சியால் இடித்து, ஒரு தடவைக்கு ஒரு வெடி. அவசரமே இல்லாத துப்பாக்கி. "அதான் எனக்குத் தோது, நைனா. என் கைக்கு இன்னா வேகமோ அதுக்கும் அதான் வேகம்" என்றார்.

சங்கம் ஒரு நிபந்தனை போட்டிருந்தது. அவர் கையைப் பார்த்துப் பயந்துபோன மேற்பார்வையாளர், சோதனை வைத்துத்தான் அனுமதிப்பேன் என்று சொல்லிவிட்டார். கொடி காட்டிய பிறகு, குறி பார்த்து, நினைத்த நேரத்தில் வெடிக்க வேண்டும். அதற்கு முன்னால் வெடித்தால் தவறு. இரண்டாம் முறையும் தவறினால் துப்பாக்கியோடு மைதானத்துக்குள் கால் வைக்கவே கூடாது. இதைச் சொன்னபோது அக்கா குரலை உயர்த்தவில்லை. கித்தான் பையின் கயிற்றை மூன்று விரலால் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தார்.

முதலில் பூட்டைத் தேர்ந்தெடுத்தோம். சுத்தியும் ஸ்பிரிங் வில்லும் சேர்ந்த அந்த அமைப்பு பழைய துப்பாக்கியில் வலப்பக்கம் இருந்தது. அவர் இனி இடது தோளில் வைத்துச் சுட வேண்டியவர், வலப்பக்கப் பூட்டின் பொறி நேரே முகத்துக்கு வரும். ஆகவே இடப்பக்கப் பூட்டு. சக்கிமுக்கிக் கல் வைத்ததா, கேப்பு வைத்ததா என்று அடுத்த பஞ்சாயத்து. கேப்பு என்பது சுத்தி அடித்ததும் பொறி விடும், துவரம்பருப்பு அளவுள்ள சின்னச் செப்புக் குல்லா, அதை எடுத்து மருந்துக்குத் தீ போகும் குமிழின்மேல் பொருத்த இவர் விரலால் ஆகாது, கல் பூட்டே போடலாம் என்றார் பாய். கல்லில் பொறி பிடித்து மருந்து எரியக் கொஞ்சம் நேரம் எடுக்கும், அதுவரை ஆடாமல் பிடித்திருக்க வேண்டுமே என்றேன் நான். பக்கத்தில் யாராவது நின்று கேப்பு போட்டுக் கொடுக்கட்டும் என்று பாய் சொன்னதும் அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. மறுநாள் சைக்கிள் வால்வ் டியூபில் ஒரு துண்டு வெட்டிக்கொண்டு வந்தார். அதன் வாயில் கேப்பைச் செருகி, கட்டை விரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவே பிடித்து, அழகாகப் பொருத்திக் காட்டினார். கேப்புப் பூட்டு என்று முடிவானது.

விசையில்தான் சறுக்கினோம். எனக்கும் பாய்க்கும் அதில் சண்டையே வரவில்லை, அதுவே ஆச்சரியம். "அக்கா விரல்லே பலம் இல்லேப்பா. டிரிகரு பஞ்சாட்டம் இருக்கணும்" என்றார் பாய். நானும் தலையாட்டினேன். எங்கள் பட்டறையில் பலவீனமான கை வந்தால் விசையை இளக்குவதுதான் வழக்கம், வயதானவர்களுக்கெல்லாம் அப்படித்தான் செய்து கொடுப்போம். அக்காவும் மறுக்கவில்லை. இந்த இரட்டை விசையைச் செய்து முடித்தபோது எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி மாளாது. பாய் டீயோடு பன்னும் வாங்கிக் கொடுத்தார், அவரைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

சோதனை நாளில் நானும் போயிருந்தேன். மருந்து போட்டு, குண்டு போட்டு, இடித்து, கேப்பு பொருத்தி, எல்லாம் ஒழுங்காகச் செய்தார். பின் கொக்கியை இழுத்து ஏற்றினார். விரலை முன் விசைக்குக் கொண்டுபோனார். கொடி இன்னும் மேலே வரவில்லை, துப்பாக்கி வெடித்துவிட்டது. குண்டு எதிர்மேட்டு மண்ணில் போய்ப் புதைந்தது, யாருக்கும் ஒன்றுமில்லை. ஆனால் மேற்பார்வையாளர் முகம் சுண்டிவிட்டது. அடுத்த சோதனையே கடைசி என்றார். திரும்பி வரும் பஸ்ஸில் அக்கா பையை முழங்கால்களுக்கு நடுவே நிறுத்திப் பிடித்திருந்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பட்டறைக்கு வந்ததும் பாய் இன்னும் கொஞ்சம் இளக்கலாமா என்று யோசனையாகக் கேட்டார். அக்கா துப்பாக்கியை மேசையில் வைத்தார்.

"இன்னா பாய், எனக்குப் பாவம் பாக்குறீங்களா? நான் தொட்டனா இல்லியான்னே எனக்குத் தெரில, அதுக்குள்ள வெடிச்சிடுது."

பாய் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார், அக்கா உட்காரவில்லை.

"அந்த பிரஸ்ஸுலயும் பெடலை லேசாத்தான் வச்சிருந்தானுங்க. வேலை வேகமா ஆவணும்னு. கால் பட்டுச்சா படலியான்னு நான் பாக்குறதுக்குள்ள மேலேர்ந்து எறங்கிடுச்சு. லேசா கீற எதுவும் எனக்கு வாணாம், நைனா. கெட்டியா வை. என் விரலுக்குத் தெரியாது, மணிக்கட்டுக்குத் தெரியும்."

உணர்ச்சி இல்லாத விரலும் பலம் இல்லாத விரலும் வேறு வேறு என்று எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது. அக்காவுக்குப் பலத்தில் குறையே இல்லை. விரல் அழுத்துவது அவருக்கு எட்ட வேண்டும், அவ்வளவுதான். ஒற்றை விசை செய்தேன். விரல் படும் முகப்பை அகலமாக்கி, விரல் நுனியில் படாமல் அடிக்கணுவில் உட்காரும்படி வளைத்தேன். உள்ளே இருக்கும் வில்லைத் தடிமனாக அடித்தேன். பதம் தவறி ஒன்று உடைந்தது, இன்னொன்று வளைந்தது. அக்கா தினமும் வேலை நேரம் போல வந்து உட்கார்ந்துவிடுவார். கண்ணை மூடிக்கொண்டு வெற்று விசையை இழுப்பார். "இல்ல", "இன்னும்", "கெட்டியா" என்பதைத் தவிர வேறு பேச்சு கிடையாது. கடைசியில் அது எந்த அளவுக்கு வந்ததென்றால், பாய் இழுத்துப் பார்த்துவிட்டு இது துப்பாக்கியா, அடிபம்பா என்று கேட்டார்.

கடைசிச் சோதனையில் கொடி ஏறியது. அக்கா உடனே சுடவில்லை. மணிக்கட்டில் நரம்பு புடைத்து, முழங்கை வரைக்கும் இறுகுவதைத் தள்ளி நின்ற நானே பார்த்தேன். மேற்பார்வையாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அதற்கப்புறம்தான் வெடித்தது. அட்டையில் குண்டு நடுவில் படவில்லை, கொஞ்சம் தள்ளித்தான். அதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. அனுமதித் தாளில் கையெழுத்து விழுந்ததும் அக்கா என்னைத் திரும்பிப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தார்.

பாய் இப்போது இல்லை, பட்டறையை நான் பார்த்துக்கொள்கிறேன். போன மாதம் அக்கா அதே கித்தான் பையோடு வந்தார். தலை நரைத்துவிட்டது. சர்க்கரை வேறு சேர்ந்து, மரத்துப்போனது விரலைத் தாண்டி மணிக்கட்டு வரைக்கும் ஏறிவிட்டதாம். இனி போதுமே அக்கா என்று வாய் வரைக்கும் வந்தது. அவர் மேசையில் இருந்த இரட்டை விசையைப் பார்த்துவிட்டார்.

"இத்தை இன்னும் வச்சிகினு கீறியா? நல்லா பேப்பருக்கு வெயிட்டு வை" என்று சொல்லிவிட்டு, துப்பாக்கியை என் பக்கம் தள்ளினார். "இன்னும் கெட்டியா போடு. தோளுக்குத் தெரிஞ்சா போதும்."

வில்லை மாற்றிப் போட்டுக் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு இழுத்தார். என்னால் ஒரே விரலில் இழுக்க முடியாத விசை அது. தோள் இறுகியது, கழுத்து நரம்பு எழும்பியது, சுத்தி விழுந்தது. அவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "இப்போ தெரிது."