வாங்காத டிக்கெட்

புது அட்டை டிக்கெட்டுக்கு ஒரு வாசனை உண்டு... தேதி மெஷின்ல விட்டு "டக்"னு ஒரு அழுத்து அழுத்தி, ஏழுமலை அண்ணன் ஜன்னல் வழியா நீட்டுவாரு.

உளுந்தூர்பேட்டை பக்கம் எங்க ஊருக்குன்னு ஒரு ஹால்ட் ஸ்டேஷன் இருந்துச்சு. ஒரு ரூம், ஒரு வேப்பமரம். காலையில ஒரு பாசஞ்சர், சாயங்காலம் ஒண்ணு. அதுல தான் நான் விழுப்புரத்துக்கு வேலைக்குப் போவேன். துணிக்கடையில பில் போடற வேலை. எங்க வீட்டுல வேலைக்குப் போன முதல் பொண்ணு நான் தான்.

ஏழுமலை அண்ணன் காலனிக்காரர். கமிஷனுக்கு டிக்கெட் விக்கிற ஏஜென்ட். அவர் வந்து உட்கார்ந்த நாள்லேர்ந்து எங்க தெரு ஆம்பளைங்க அந்த ஜன்னல் பக்கமே போகலை. டிக்கெட் இல்லாமலே ஏறுவாங்க. செக்கிங்ல மாட்டுனா ஃபைன் கட்டுவாங்க. அதுல ஒரு பெருமை வேற.

அப்பாகிட்ட ஒரு தடவை கேட்டேன்.

"அவங்கிட்ட போயி கைய நீட்டிக்கினு நிக்கச் சொல்றியா?"ன்னாரு.

இடஒதுக்கீடு போராட்டம் நடந்த சமயம்... எங்க ஆளுங்க ரோடு பூரா மரத்தை வெட்டிப் போட்டுட்டாங்க. பஸ் கிடையாது. எங்க பாசஞ்சர் மட்டும் எப்படியோ ஓடுச்சு. ஒரு வாரம் மொத்த ஊரும் ஹால்ட்ல தான். நிக்க இடமில்லை. ஆனா ஜன்னல்ல நான் ஒருத்தி தான். கூட்டத்துல இருந்த அப்பா என்னைப் பார்த்துட்டு முகத்தைத் திருப்பிக்கிட்டாரு.

வேலையில எங்களுக்குப் பங்கு வேணும்னு மரம் சாய்ச்ச அதே ஆளுங்க தான். காலனிக்காரர் ஒருத்தருக்குக் கிடைச்ச ஒரு ஸ்டூலு அவங்களுக்குப் பொறுக்கலை.

அடுத்த வருஷம், டிக்கெட்டே விக்கலைன்னு ஹால்ட்டை மூடிட்டாங்க.

கடைசி நாள் ஏழுமலை அண்ணன், "நீங்க ஒருத்தர் வாங்கி இன்னாம்மா ஆவப்போவுது"ன்னு சொல்லிட்டு ஜன்னலைச் சாத்துனாரு.

பஸ்ஸுக்கு மூணு மைல் நடக்கணும். "பொட்டப்புள்ள தனியா நடந்து வர வேணாம்"னு அப்பா என் வேலையை நிறுத்திட்டாரு. அவர் வாங்காத டிக்கெட்டுக்கு ஃபைன் கட்டுனது நான்.

இப்ப அந்த லைன்ல எல்லா ரயிலும் கரண்ட்ல பறக்குது... எங்க ஊர்ல நிக்கிறதில்லை. டிக்கெட் ரூமுக்குள்ள வேலிக்காத்தான் முளைச்சிருக்கு.

போன வாரம் ஊர் வாட்ஸ்அப் குரூப்ல ஒரு மனு வந்துச்சு. "ரயில்வேயின் அலட்சியத்தால் மூடப்பட்ட எங்கள் நிலையத்தை மீண்டும் திறக்க வேண்டும்."

தம்பி போன் பண்ணான். "அக்கா, தெனம் அதுல போனவ நீ தான். மொதல்ல நீ கையெழுத்து போடு."

"அலட்சியம்ங்கறத அடிச்சிட்டு, நாங்க டிக்கெட் வாங்காததாலன்னு எழுதுடா. போடறேன்"னேன்.

வச்சிட்டான். இன்னும் கூப்பிடலை.