புகை இல்லாத சூளை

எண்ணெய்ச் சூளையை நிறுத்திவிட்டு கேஸ் சூளை போட்டபோது பட்டறையில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் இல்லை. இருபது வருஷம் புகையைப் பார்த்தே பீங்கான் சுட்டவன் நான். கறுப்பாகத் திரண்டால் எண்ணெய் அதிகம், வெளுத்தால் சூடு பிடிக்கிறது. புதுச் சூளையில் பார்க்க ஒன்றுமே இல்லை. உள்ளே ஆயிரம் டிகிரிக்கு மேல் எரிகிறது, வெளியே ஆளில்லாத வீடு மாதிரி இருக்கிறது. கருவேப்பிலங்குறிச்சி பஸ்ஸில் வருகிறவர்கள் பட்டறையை மூடிவிட்டீர்களா என்று கேட்டார்கள். பழைய புகைபோக்கியின் வாயில் காக்காய்கள் உட்கார ஆரம்பித்தன. அது எனக்குப் பிடிக்கவே இல்லை.

"மனுஷன் மூச்சு விடற மாதிரி காத்து வருது, அதுக்கும் மூஞ்சத் தூக்கி வச்சிக்கறீங்களே" என்பாள் என் மனைவி. அவளுக்கும் அதே பட்டறையில்தான் வேலை, சூளைக்குள் சாமான் அடுக்குவது.

ஒருநாள் காலையில் கதவைச் சாத்தி, வால்வைத் திறந்து பற்றவைத்தேன். டீ வந்தது. எல்லோரும் வெளியே போய்க் குடித்தோம். நான் முதலில் திரும்பி வந்து பார்வைத் துளையில் குனிந்தால், உள்ளே இருட்டு. தீ எப்போது அணைந்ததோ. எண்ணெய்ச் சூளையில் என்ன செய்வேனோ அதையே செய்தேன். கம்பியில் துணி சுற்றி, மண்ணெண்ணெயில் முக்கி, கொளுத்திக்கொண்டு துளையை நோக்கி நடந்தேன். வால்வை மூடும் நினைப்பே வரவில்லை.

பின்னாலிருந்து யாரோ பந்தத்தைப் பிடுங்கினார்கள். என் மனைவிதான். ஓடிப்போய் களிமண் கரைத்த தொட்டியில் அதை அமுக்கினாள். வந்து வால்வை மூடிவிட்டு, என்னை வெளியே இழுத்துப் போனாள்.

"கேஸு நாத்தம் கொடலப் புடுங்குது. உங்களுக்கு ஒண்ணுமே தெரியலையா?"

மூச்சை இழுத்தேன். ஒன்றும் இல்லை. சுற்றி நின்றவர்கள் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். என் சட்டையோடு ஏதோ ஒன்று வந்து நிற்கிறது, எல்லோருக்கும் தெரிகிறது, எனக்கு மட்டும் தெரியவில்லை. அவள் தலையிலிருந்து ஒரு மல்லிகையைக் கிள்ளி மோந்தேன். அதிலும் ஒன்றுமில்லை. புகை என் மூக்கை எந்த வருஷம் கொண்டுபோனது என்றுகூட எனக்குத் தெரியாது.

அவளுக்குத் தெரிந்திருந்தது. "போன வருஷம் வூட்ல பாலு தீஞ்சப்ப அடுப்பாண்டதான் குந்தியிருந்தீங்க. அசையவே இல்ல."

"அப்பவே சொல்றதுக்கு என்னாடி?"

"சொன்னா சூளைய வுட்டு எறக்கிடுவாங்க. உங்களுக்கு அதான உசுரு. அதான் பேக்கிங்க வுட்டுட்டு இந்த வேலையக் கேட்டு வாங்கினேன். தெனம் நீங்க பத்த வெக்கறப்ப பக்கத்துலயே நின்னு மோந்து பாத்துக்கிட்டுதான் இருக்கேன். இன்னிக்கி டீயக் குடிச்சிட்டு மெதுவா வந்தது என் தப்பு."

கோபம் கோபமாக வந்தது, அவள் மேலா என் மேலா தெரியவில்லை. வெடித்தால் தானும் போவோம் என்று தெரிந்தே தினம் பக்கத்தில் நின்றிருக்கிறாள். நேராக முதலாளியிடம் போய், "எனக்கு வாசனை தெரியாதுங்க" என்று சொன்னேன். இப்போது நான் பேக்கிங்கில் அட்டைப்பெட்டி கட்டுகிறேன். சூளையை அவள்தான் பற்றவைக்கிறாள்.