எண்ணெய் தேய்த்த சேம்பிலை

காலை ஐந்தே முக்காலுக்கு எழுந்து அடுக்களைக்கு வந்தபோது முதலில் கண்ணில் பட்டது, எவர்சில்வர் தாம்பாளத்தில் விரித்து வைத்திருந்த சேம்பிலை. முந்தின நாள் மாலை ஓடைக்கரையில் நான் அறுத்து வந்தது. சாம்பல் பூத்த பச்சையாக இருந்த அது, விடிவதற்குள் எப்படியோ கண்ணாடிபோல் மினுங்கியது. அழகாகத்தான் இருந்தது. காரணம் கேட்கத் தோன்றவில்லை.

அப்போது நான் ஒன்பதாம் வகுப்பு. கொட்டாரம் ஊருக்குப் பக்கத்தில் வீடு. வளைகுடா நாட்டில், தம்மாமில் லாரி ஓட்டிய அப்பா லீவில் வந்திருந்தார். என் பள்ளிக்கூடத்தை அவர் அதுவரை பார்த்ததில்லை. அன்றைய அறிவியல் கண்காட்சிக்கு இஸ்திரி போட்ட சட்டையும் 'கல்ஃப் சென்ட்'டுமாக வந்து, கூட்டத்தின் பின்னால் நின்றார்.

சேம்பிலையில் தண்ணீர் ஒட்டாது என்பதுதான் நான் காட்டவேண்டியது. இலை முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத மேடுகள், அவற்றின்மேல் மெழுகு, இடையில் காற்று. துளி அந்தக் காற்றின்மேல் உட்கார்வதால் உருண்டையாகி ஓடிவிடும். மனப்பாடமாக ஒப்பித்துவிட்டுத் துளியை விட்டேன். அது அப்பளம்போல் பரந்து படுத்துக்கொண்டது. இலையைச் சரித்தேன். கொஞ்சம் இழுபட்டு நின்றது.

"ஏட்டி, ஒட்டாதுன்னல்லா சொன்ன? பசையா தேச்ச?" என்றாள், அடுத்த மேசையில் எரிமலை வைத்திருந்த ஜெபா.

பின்னாலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "நாந்தான் சாரே, காலத்தே தேங்காயெண்ணெ தேச்சுவிட்டேன். எண்ணெயில தண்ணி ஒட்டாதுல்லா, பிள்ளைக்கு ஒரு ஒத்தாசையா இருக்கட்டும்னு."

கூடம் சிரித்தது. காற்று இருக்கவேண்டிய இடத்தில் எண்ணெய் புகுந்துவிட்டது என்று அறிவியல் சார் விளக்கினார். அவரும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அப்பா கூட்டத்தை விலக்கி வந்து, கைக்குட்டையால் இலையை அழுத்தித் துடைத்தார். "இப்போ விட்டுப் பாரு மக்ளே."

துடைத்ததில் மெழுகும் போயிற்று. இரண்டாவது துளி முதலாவதைவிட மோசமாகப் பரந்தது. நிமிராமல் இலையையே பார்த்துக்கொண்டிருந்தேன்; கைக்குட்டை பிடித்திருந்த அவர் கை மெல்லப் பின்வாங்குவது மட்டும் தெரிந்தது.

அந்த ஓடைக்கு இப்போது இருபுறமும் சிமென்ட் சுவர். சேம்பு முளைக்க மண் இல்லை. அப்பா ஊரோடு வந்துவிட்டார். போன மாதம் என் மகளின் பள்ளிக் கண்காட்சிக்கு அவரையும் அழைத்தேன்.

"நான் அங்க வந்து என்னத்துக்கு மக்ளே? நீங்க போயிட்டு வாங்க" என்றார்.

நாங்கள் போய்வந்தோம்.